பெயரே பாடமாக: நேட்டால் கப்பல் பட்டியல்களை மூலபாட நோக்கில் வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற இந்தியர்களின் கப்பல் பட்டியல்கள், கடல்வழிக் குடியேற்ற வரலாற்றுக்கும் தனிக்குடும்ப வரலாறுகளுக்கும் முதன்மையான மூல ஆவணங்களாக விளங்குகின்றன. இவற்றை வரலாற்றாய்வாளர்கள் புள்ளிவிவரமாகவும் வாழ்க்கைக் கதையாகவும் வாசித்துள்ளனர். தமிழில் சொல்லப்பட்டு உரோமன் எழுத்தில் பதியப்பட்ட பெயர்களை ஒரு ‘பாடமாக’க் கொண்டு, மூலபாடத் திறனாய்வு முறையில் வாசிக்கும் முயற்சி தமிழாய்வுலகில் போதிய அளவில் நடைபெறவில்லை. அத்தகைய வாசிப்பின் தேவையையும் முறையையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கப்பல் பட்டியல், நேட்டால், ஒப்பந்தக் கூலிமுறை, மூலபாடத் திறனாய்வு, பெயராய்வு, குடும்ப வரலாறு.

1. முன்னுரை

சென்னைத் துறையிலிருந்து 1860 அக்டோபரில் புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், அவ்வாண்டு நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர் பயணம் செய்தனர். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்த முறையில் கொண்டுசெல்லப்பட்ட முதல் இந்தியக் குழு இதுவே. கல்கத்தாவிலிருந்து ‘பெல்விடியர்’ என்னும் கப்பல் அதே மாதம் 26 அன்று வந்து சேர்ந்தது. 1866இல் நின்று 1874இல் மீண்டும் தொடங்கிய இப்பெயர்வு 1911இல் முடிவுற்றது. இடைப்பட்ட காலத்தில் மொத்தம் 1,52,184 பேர் சென்றதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறை வழியாகச் சென்றவர்கள்; தமிழும் தெலுங்கும் பேசியவர்களே அவர்களுள் மிகுதி.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் நேட்டால் அரசு ஓர் எண்ணை வழங்கியது. அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, உயரம், ஜில்லா, தாலுகா அல்லது தாணா, ஊர், உடலடையாளம், வேலைக்கமர்த்தியவர் எனப் பல செய்திகள் பத்தி பத்தியாகப் பதியப்பட்டன. தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகங்களில் பாதுகாக்கப்படும் இப்பட்டியல்கள் பின்னர்ப் படியெடுக்கப்பட்டுக் கணினித் தரவாகவும் ஆக்கப்பட்டுள்ளன. டர்பனிலுள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இப்பணியில் குறிப்பிடத்தக்கது.

எழுத்தறியாத உழைப்பாளி ஒருவரின் பெயர், அவர்தம் தந்தையின் பெயரோடும் ஊரோடும் ஒருசேரப் பதிவான சான்றுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் அரிதினும் அரிது. கல்வெட்டு கொடையாளிகளையும், ஓலைச்சுவடி புலவர்களையும், நில ஆவணம் உடைமையாளர்களையும் நினைவில் வைத்தன. நிலமற்றவர்களைத் திரளாகவும் தனித்தனியாகவும் பெயர் குறித்து வைத்தது இக்கப்பல் பட்டியலே. ஆயினும் தமிழ்த்துறை ஆய்வேடுகளில் இது பெரும்பாலும் ‘வரலாற்றுப் பின்னணி’ என்னும் இயலில் ஒரு பத்தியாகச் சுருங்கிவிடுகிறது. பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’, புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ ஆகிய படைப்புகளை ஆராயும்போது கூலிமுறையின் ஆண்டுகளையும் எண்ணிக்கைகளையும் தந்துவிட்டு, ஆய்வாளர் படைப்புக்குத் திரும்பிவிடுகிறார். பட்டியலும் வாசிக்கப்பட வேண்டிய ஒரு பனுவல் என்னும் எண்ணம் எழுவதில்லை.

2. இருவகை வாசிப்புகள்

இப்பட்டியல்களை விரிவாகப் பயன்படுத்திய நூல்களுள் இரண்டை இங்குக் கருதலாம். 1991இல் வெளிவந்த சுரேந்திர பானாவின் ஆய்வு, 1860 முதல் 1902 வரையுள்ள பட்டியல்களைத் தொகுத்து, சென்றவர்களின் வயது, பால், சாதி, சொந்த மாவட்டம் ஆகியவற்றைக் கணக்கிட்டது. எந்த மாவட்டத்திலிருந்து எவ்வளவு பேர் சென்றனர், தனியாகச் சென்றவர் எத்தனை பேர், குடும்பமாகச் சென்றவர் எத்தனை பேர் என்னும் வினாக்களுக்கு ஊகத்தை விடுத்துச் சான்றுடன் விடைதேட அது வழிவகுத்தது. இதனை ‘எண்ணும் வாசிப்பு’ எனலாம்.

அஷ்வின் தேசாய், கூலம் வாஹித் ஆகிய இருவரும் எழுதி 2010இல் வெளியான நூல் வேறொரு வழியைத் தேர்ந்தது. பட்டியலில் உள்ள ஒருவரை அவர்தம் எண்ணைக்கொண்டு பின்தொடர்ந்து, நீதிமன்றப் பதிவு, புகார் மனு, மரணக் குறிப்பு போன்ற பிற ஆவணங்களில் அவர் தோன்றும் இடங்களை இணைத்து, ஒரு வாழ்வை மீட்டெடுக்கும் முறை அது. எண்ணாக மாற்றப்பட்டவர்களை மீண்டும் மனிதர்களாக்கியது அந்நூலின் பெரும்பேறு. இதனைக் ‘கதைக்கும் வாசிப்பு’ எனலாம்.

இரண்டும் இன்றியமையாதவை. எனினும் இரண்டிலும் பெயர் உரோமன் எழுத்தில் உள்ளவாறே எடுத்தாளப்படுகிறது. பெயரின் தமிழ் வடிவத்தை நிறுவுவது அந்நூல்களின் நோக்கமன்று என்பதால் அதனைக் குறையாகக் கூறுவதற்கில்லை. புள்ளிவிவரத்திற்குப் பெயர் தேவையில்லை. வாழ்க்கைக் கதைக்கு எண்ணே போதுமான இணைப்பைத் தந்துவிடுகிறது. ஆனால் ஒரு குடும்பம் தன் முன்னோரைத் தேடும்போதும், ஓர் ஊர் தன்னைவிட்டு நீங்கியவர்களைத் தேடும்போதும், எண் கடலுக்கு அப்பால் மட்டுமே பயன்படும். கடலுக்கு இப்பால் அந்த எண்ணை அறிந்தவர் எவருமிலர். இக்கரையில் செல்லுபடியாவது பெயரும் ஊருமே. ஆகவே மூன்றாவதாக ஒரு வாசிப்பு தேவைப்படுகிறது. அதனைப் ‘பாடம் காணும் வாசிப்பு’ எனலாம். ஏடு படித்துப் பழகிய தமிழ்த்துறைக்கு அது புதிய பணியன்று.

3. பட்டியலின் படிநிலைகள்

1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலந்தொட்டு, தமிழ்ப் பதிப்புலகம் சில அடிப்படைகளைக் கைக்கொண்டு வருகிறது. ஏடு எழுதியவர் ஆசிரியர் அல்லர். படியெடுக்கும்தோறும் பிழை புகும். பாடவேறுபாடுகளை ஒப்பிட்டே மூலத்தை ஊகிக்க இயலும். ஊகத்தை மூலத்தின் இடத்தில் அமர்த்தாமல் தனியே காட்ட வேண்டும். இந்நான்கு அடிப்படைகளும் கப்பல் பட்டியலுக்கும் பொருந்தும்.

பட்டியலில் இன்று நாம் காணும் பெயருக்குப் பின்னால் பல படிநிலைகள் உள்ளன. முதற்படி, சென்னையில் ‘டிப்போ’ எனப்பட்ட குடியேற்றக் கிடங்கில் ஒருவர் தம் வட்டார வழக்கில் வாய்மொழியாகச் சொன்ன பெயர். இரண்டாம் படி, எழுத்தர் அதனைத் தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கிலத்தில் எழுதியது. மூன்றாம் படி, கப்பலுடன் சென்ற பட்டியலை அடியொற்றி நேட்டாலின் பாதுகாவலர் அலுவலகத்தில் அமைந்த பதிவேடு. நான்காம் படி, இருபதாம் நூற்றாண்டில் கையெழுத்தைப் படித்துப் படியெடுத்தவர்களின் வாசிப்பு. ஐந்தாம் படி, கணினித் தரவு. ஐந்தாம் படியைக் கண்ணுற்று முதற்படியைக் கண்டதாகக் கருதுவது, அச்சுநூலைக் கண்டு ஆசிரியர் கையெழுத்தைக் கண்டதாகக் கருதுவதற்கு ஒப்பாகும்.

உரோமன் எழுத்தில் தமிழ்ப் பெயர் இழப்பவை எவை என்பதும் வரையறுத்துக் கூறத்தக்கதே. குறில் நெடில் வேறுபாடு பெரிதும் மறைகிறது. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகின்றன. ர, ற இரண்டும் ஒன்றாகின்றன. ந, ன, ண மூன்றும் ஒன்றாகின்றன. ஆகவே ஒரே எழுத்துக்கோவை வள்ளியையும் வல்லியையும் குறிக்கலாம். மறுபுறம் உகரத்திற்கு இரட்டை ‘ஓ’ எழுதும் அக்கால ஆங்கில வழக்கால், குறிலும் நெடில்போல் தோன்றும். முனுசாமி ‘மூன்சாமி’ என்றும், குப்புசாமி ‘கூப்பூசாமி’ என்றும் இன்று தென்னாப்பிரிக்காவில் ஒலிக்கப்படுவது இவ்வெழுத்து வழக்கின் விளைவாகும். எழுத்து ஒலியைப் பின்பற்றிய நிலை மாறி, ஒலி எழுத்தைப் பின்பற்றத் தொடங்கியது.

இதற்கு நேர்மாறான ஒரு சான்று தமிழிலேயே உண்டு. 1736 முதல் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவந்த நாட்குறிப்பில், துறைக்கு வந்த கப்பல்களும் அவற்றில் வந்த பிரெஞ்சுக்காரர்களும் தமிழ் எழுத்தில் பதிவாயினர். பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழ் வரிவடிவத்திலிருந்து மீட்டு அடையாளங்காணும் பணி அதனை மொழிபெயர்த்தோருக்கு வாய்த்தது. பதிவுசெய்பவரின் எழுத்து எதுவோ அதுவே பதியப்படுபவரின் பெயரை உருமாற்றுகிறது. பிள்ளையவர்களின் நாட்குறிப்பில் எழுதுகோல் தமிழர் கையில் இருந்தது. கப்பல் பட்டியலில் அது பிறர் ஆட்சியின் கையில் இருந்தது. வேறுபாடு அதிகாரம் சார்ந்தது. மீட்கும் முறை ஒன்றே.

4. ஒரு பெயரின் பாடம்

நேட்டால் பதிவேட்டின் முதல் எண்ணுக்குரியவர் ட்ரூரோவில் வந்த முப்பது வயதினர் ஒருவர். ஆங்கில நூல்களில் அவர் பெயர் டி-ஏ-வி-ஏ-ஆர்-யு-எம் என்னும் எழுத்துகளால் குறிக்கப்பட்டு வருகிறது. இதனை எழுத்துக்கூட்டித் தமிழில் எழுதினால் ‘தாவரம்’ என்றாகும். அது பெயராக வழங்குவதன்று. அவ்வாறாயின் அவர் சொன்ன பெயர் யாது?

இரு பாடங்களை முன்வைக்கலாம். ஒன்று, ‘தேவாரம்’. இரண்டாவது, ‘தேவவரம்’. முன்னது சைவத் திருமுறையை நினைவூட்டுவது. பின்னது ‘கடவுள் அளித்த வரம்’ என்னும் பொருளில், தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவரிடையே வழங்கும் பெயர். விரைவாகச் சொல்லும்போது ‘தேவவரம்’ என்பதன் இரு வகரங்களுள் ஒன்று கெட்டுத் ‘தேவரம்’ என ஒலிப்பது பேச்சு வழக்கில் இயல்பு. அவ்வொலி ஆங்கிலச் செவியில் மேற்கண்ட எழுத்துகளாகப் பதிவாவதற்கும் தடையில்லை. ‘தேவாரம்’ என்பதில் நெட்டுயிர் வகரத்தின் மேல் உள்ளது. குறில் நெடில் வேறுபாடு காட்டாத எழுத்துமுறையில் அதனையும் விலக்க இயலாது.

ஒலி மட்டும் இங்கு முடிவு தராது. மூலபாட ஆய்வாளர் இத்தகைய இடத்தில் முன்பின் அடிகளை நோக்குவார். பட்டியலில் முன்பின் அடிகளாக அமைபவை குடும்பத்தினரின் பெயர்கள். மனைவி மக்களின் பெயர்கள் விவிலியப் பெயர்களாகவோ கிருபை, ஞானம், சுவிசேஷம் போன்ற கிறித்தவத் தமிழ்ச் சொற்களாகவோ இருப்பின் ‘தேவவரம்’ வலுப்பெறும். சாதிக்குரிய பத்தியில் சமயம் குறிக்கப்பட்டிருப்பின் அதுவும் துணைநிற்கும். ட்ரூரோவில் கிறித்தவரும் பயணம் செய்தனர் என்பது ஆய்வாளர் பலரும் சுட்டியுள்ள செய்தி. ஆகவே ஒரு பெயரை வாசிக்க ஒரு வரி போதாது. குடும்பத்தை முழுமையாகவும், கப்பலை முழுமையாகவும் வாசிக்க வேண்டும். பட்டியலைத் தேடுபொறியில் ஒரு வரியாகப் பிரித்துத் தரும் கணினித் தரவு, இச்சூழலை ஆய்வாளர் கண்ணிலிருந்து மறைத்துவிடும் வாய்ப்பு உண்டு. தேடுவதற்குத் தரவும், வாசிப்பதற்கு மூலத்தின் படிமமும் என இரண்டையும் ஒருங்கே கொள்ளல் வேண்டும்.

5. பெயருக்குள் குடும்பம்

தமிழ்ப் பெயரிடும் மரபை அறிந்தவருக்குப் பட்டியல் கூடுதலாகப் பேசும். குப்பன், குப்பம்மாள், பிச்சை முதலிய பெயர்கள், முன்பிறந்த குழந்தைகள் இறந்துபட்டபின் பிறந்த குழந்தைக்கு இடப்படுவது பரவலான வழக்கம். குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுப்பதும், பிறரிடம் பிச்சையாகப் பெறுவதுபோலப் பாவிப்பதும் அதனைச் சார்ந்த சடங்குகள். இத்தகைய பெயரை எல்லா இடத்திலும் இறந்த குழந்தைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. பாட்டன் பெயராக வழிவந்தும் இருக்கலாம். எனினும் மரணப் பதிவேடு இல்லாத ஒரு குடும்பத்தின் இழப்பைச் சுட்டும் வாய்ப்புள்ள ஒரே எழுத்துச் சான்று அப்பெயராக இருக்கக்கூடும். வயதையும் உயரத்தையும் அளந்த எழுத்தர், தாம் எழுதிய பெயரில் இச்செய்தி உள்ளதை அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை.

‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். இம்மரபு குடும்ப வரலாற்றாய்வில் நேரடியான பயனுடையது. பட்டியலின் தந்தை பெயர்ப் பத்தியில் இருப்பவர் கடல் கடக்காதவர். ஊரிலேயே வாழ்ந்து மறைந்தவர். அவர் பெயர் பட்டியலில் சிதைந்திருக்கலாம். ஆனால் நேட்டாலில் பிறந்த பெயரனுக்கு அதே பெயர் இடப்பட்டிருப்பின், அவன் பிறப்புப் பதிவிலோ திருமணப் பதிவிலோ அது வேறோர் எழுத்தரால் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒரே பெயரின் இரு சிதைவுகளை ஒப்பிட்டால் மூல வடிவம் தெளிவடையும். இரு ஏடுகளை ஒப்புநோக்கும் அதே முறைதான் இதுவும்.

தெய்வப் பெயர்களும் ஓரளவு துணைபுரியும். தீர்த்தகிரி என்னும் பெயர் தீர்த்தமலையைச் சுற்றிய தருமபுரிப் பகுதியிலும், பச்சையப்பன், பச்சையம்மாள் ஆகியவை வடதமிழக மாவட்டங்களிலும் மிகுதியாக வழங்குபவை. ஊர்ப்பெயர் சிதைந்த இடத்தில் இவை திசைகாட்டும். திசைகாட்டுவதற்கு மேல் இவற்றின்மீது சுமை ஏற்றலாகாது. ஒரு பெயர் திருமண உறவின் வழியாகவும் வேண்டுதலின் வழியாகவும் நெடுந்தொலைவு செல்லும்.

குடும்பப் பெயர் என்னும் புதிய அமைப்பு உருவான விதமும் இங்குக் கருதத்தக்கது. தமிழ் மரபில் தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறும். ஐரோப்பிய நிருவாகமோ மாறாத குடும்பப் பெயர் ஒன்றை வேண்டியது. அதனால் சிலருக்குச் சாதிப் பட்டமும், சிலருக்கு முதலில் வந்தவரின் பெயரோ அவர் தந்தையின் பெயரோ குடும்பப் பெயராக நிலைத்தன. நாயுடு, பிள்ளை, முதலி, படையாச்சி ஆகியவை உருமாறி வழங்க, பெருமாள், முனுசாமி, கோவிந்தசாமி ஆகியவையும் அவற்றோடு நிகராகக் குடும்பப் பெயர்களாயின. ஆகவே ஒரே குடும்பப் பெயர் உடையோர் ஒரே மரபினர் என்னும் கருத்து, இச்சூழலில் பொருந்தாது. உடன்பிறந்தார் இருவரின் வழிவந்தோர் இன்று வெவ்வேறு குடும்பப் பெயர்களைத் தாங்கியிருக்கவும் கூடும்.

6. ஊரும் சாதியும்: வழிதவறும் இடங்கள்

ஊர்ப்பெயரில் தவறு நேர்வதற்கான வாய்ப்பு ஆட்பெயரைவிட மிகுதி. ஆரணி என்னும் பெயரில் பழைய வடஆர்க்காட்டிலும் ஓர் ஊர் உண்டு; பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் ஊர் உண்டு. வாலாஜாபேட்டை வடஆர்க்காட்டிலும், வாலாஜாபாத் செங்கற்பட்டிலும் உள்ளன. சுருக்கி எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். தஞ்சை ஜில்லாவின் திருவாரூர், அக்கால ஆங்கில வழக்கில் ‘திருவலூர்’ என எழுதப்பட்டதால் செங்கற்பட்டு ஜில்லாவின் திருவள்ளூரோடு மயங்கும். புதூர், நல்லூர், பாளையம் என முடியும் ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. இவ்விடங்களிலெல்லாம் ஜில்லாப் பத்தியே தீர்ப்புச் சொல்லும்.

அந்த ஜில்லாவையும் இன்றைய மாவட்டமாகக் கொள்ளலாகாது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை வடஆர்க்காடு ஜில்லாவின் தலைமையிடமாகச் சித்தூரே இருந்தது. எனவே ‘வடஆர்க்காடு’ என்னும் பதிவு இன்றைய ஆந்திரப் பகுதியையும் சுட்டலாம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஒன்றையும் சுட்டலாம். பதிவு எழுந்த ஆண்டின் நிருவாக வரைபடத்தை விரித்துவைத்தே பட்டியலை வாசிக்க வேண்டும்.

சாதிப் பத்தி மேலும் எச்சரிக்கைக்குரியது. குறிப்பாக முற்காலச் சென்னைப் பட்டியல்களில் அப்பத்தி ஒரே சீரான வகைப்பாட்டைப் பின்பற்றவில்லை. சாதிப் பெயர்களோடு சமயப் பெயர்களும், ‘மலபார்’, ‘ஜெண்டூ’ ஆகிய சொற்களும் அதில் இடம்பெறுகின்றன. ஐரோப்பியர் வழக்கில் ‘மலபார்’ என்பது தமிழரையும் தமிழ் மொழியையும் நெடுங்காலம் குறித்த சொல். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழை அப்பெயராலேயே சுட்டினார்; ரீயூனியன் தீவில் தமிழ் வழிவந்தோர் இன்றும் ‘மல்பார்’ எனப்படுகின்றனர். ‘ஜெண்டூ’ என்பது சென்னையில் தெலுங்கரைக் குறித்தது. ஆகவே இங்குச் சாதி கேட்கப்பட்ட இடத்தில் மொழி விடையாக எழுதப்பட்டுள்ளது. தம் முன்னோர் பெயருக்கு எதிரே ‘மலபார்’ எனக் கண்ட ஒருவர், கேரளத்தின் மலபார்ப் பகுதியில் ஊரைத் தேடத் தொடங்கினால், தேடல் தொடக்கத்திலேயே திசைமாறிவிடும். ஒரு சொல்லின் பொருள் வரலாற்றை அறிவது இங்கு வெறும் சொல்லாராய்ச்சியாக நில்லாது ஒரு குடும்பத்தின் வழியைத் தீர்மானிக்கிறது.

உறவுமுறைப் பதிவையும் அப்படியே ஏற்பதற்கில்லை. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்னும் விகிதத்தைக் கப்பல்கள் பேண வேண்டும் என்று விதி இருந்தது. தனியாக வந்த பெண்கள் கிடங்கிலேயே துணை தேடிக்கொண்டதும் ஆய்வாளர்கள் சுட்டியுள்ள செய்தியாகும். ‘மனைவி’ என்னும் பதிவு ஊரில் நடந்த திருமணத்தையோ கிடங்கில் ஏற்பட்ட இணைவையோ குறிக்கலாம். கடலின் இப்புறம் தொடங்கிய குடும்பமும் கடலின் விளிம்பில் உருவான குடும்பமும் பட்டியலில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. பின்னதைத் தாழ்வாகக் கருதுவதற்கு ஆய்வில் இடமில்லை. ஆனால் கணவனின் ஊரே மனைவியின் ஊர் என்று கொள்வதற்கும் இடமில்லை. அவளுக்கெனப் பதிவான ஜில்லாவையும் ஊரையும் தனியே நோக்குதல் வேண்டும்.

7. எல்லைகள்

பாடம் காணும் வாசிப்புக்கும் எல்லைகள் உண்டு. முதலாவது, நாம் மீட்பது கிடங்கில் அன்று சொல்லப்பட்ட பெயரை மட்டுமே. கடனிலிருந்தோ, குடும்பத்திலிருந்தோ, சாதிக் கொடுமையிலிருந்தோ தப்பிச் சென்றவர் வேறு பெயரைச் சொல்லியிருக்கலாம். வேறு சாதியையும் சொல்லியிருக்கலாம். அதனைப் ‘பொய்’ எனத் திருத்த முற்படுவது ஆய்வாளரின் வேலையன்று. அவர் தேர்ந்துகொண்ட பெயரே அவருடைய புதிய வாழ்வின் முதற்சொல்.

இரண்டாவது, சொந்தச் செலவில் சென்ற ‘பயணி இந்தியர்’ இப்பட்டியல்களில் இடம்பெறார். வணிகர், மொரீஷியஸ் வழியாகச் சென்றோர் போன்றவர்களைத் தேட வேறு ஆவணங்களை நாட வேண்டும். பட்டியலில் ஒருவர் இல்லை என்பது அவர் செல்லவில்லை என்பதற்குச் சான்றாகாது.

மூன்றாவது, இவ்வாவணம் எதற்காக எழுந்தது என்பதை மறக்கலாகாது. வடுவும் மச்சமும் உயரமும் குறிக்கப்பட்டது நினைவுகூர்வதற்காகவன்று. தோட்டத்தைவிட்டு ஓடியவரைப் பிடிப்பதற்கும், ஒருவரின் ஒப்பந்தத்தை மற்றொருவர் பயன்படுத்தாமல் தடுப்பதற்கும் அவை தேவைப்பட்டன. கண்காணிப்புக்காக எழுதப்பட்ட ஓர் ஏட்டை நாம் மரபுவழி அறிவதற்காக வாசிக்கிறோம். ஏட்டின் நோக்கத்திற்கும் நம் நோக்கத்திற்கும் இடையிலுள்ள இம்முரணை ஆய்வேடு ஒளிக்காமல் பேச வேண்டும்.

நான்காவது, ஊரை மீட்கும் ஆய்வாளர் அதனோடு சாதியையும் மீட்டுக் கையளிக்கிறார். ஐந்தாறு தலைமுறைகளாக அதனை அறியாமலோ பொருட்படுத்தாமலோ வாழ்ந்த குடும்பத்திற்கு அச்செய்தி எவ்வாறு சென்றுசேரும் என்பது ஆய்வறம் சார்ந்த வினா. கேட்கப்படாத இடத்தில் அதனை முன்வைக்காமல் இருப்பதும், கேட்கும் இடத்தில் அப்பத்தியின் நம்பகக் குறைவை விளக்கிச் சொல்வதும் குறைந்தளவு நெறியாகக் கொள்ளத்தக்கன.

8. பதிப்பு நெறிக்கான முன்மொழிவு

மேற்கண்டவற்றின் அடிப்படையில், சென்னைத் துறையிலிருந்து புறப்பட்ட கப்பல்களின் பட்டியல்களுக்கு ஒரு தமிழ்ப் பதிப்பு நெறியை முன்மொழியலாம். உரோமன் வடிவம் மூலத்தில் உள்ளவாறே முதலில் தரப்பட வேண்டும். அதனை அடுத்துத் தமிழ்ப் பாடம் அமைய வேண்டும். அப்பாடம் உறுதி, ஊகம், தீர்மானிக்க இயலாதது என்னும் மூவகையுள் எதனைச் சேர்ந்தது என்று ஒவ்வொரு பெயருக்கும் குறிக்கப்பட வேண்டும். ஊகமாயின் மாற்றுப் பாடங்களும் அவற்றுக்குரிய சான்றுகளும் தரப்பட வேண்டும். ஊர்ப்பெயருக்குப் பதிவாண்டின் ஜில்லா, தாலுகாவும் இன்றைய மாவட்டமும் ஒருங்கே காட்டப்பட வேண்டும். தெலுங்குப் பெயர்களைத் தமிழ்ப்படுத்திவிடாமல் இருக்கத் தெலுங்கறிஞர் துணை கட்டாயமாகத் தேவை.

இப்பணிக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், இலண்டன் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களும், தென்னாப்பிரிக்கக் காப்பகங்களும் இணைத்து நோக்கப்பட வேண்டும். ஒரே ஆய்வேட்டில் அடங்கும் பரப்பு இதுவன்று. ஆயினும் ஒரு கப்பலை ஓர் ஆய்வேட்டின் பொருளாகக் கொள்ள இயலும். ட்ரூரோவின் 342 பேர் என்பது ஒரு நடுத்தர அளவிலான சுவடியின் பாடல் எண்ணிக்கையை ஒத்ததே.

9. முடிவுரை

கப்பல் பட்டியல்களை எண்ணியவர்கள் கூலிமுறையின் அளவை உணர்த்தினர்; அவற்றிலிருந்து கதை சொன்னவர்கள் அதன் துயரை உணர்த்தினர். பெயர்களைத் தமிழாக வாசிக்கும் பணி தமிழ் கற்றவர்களுக்காகக் காத்திருக்கிறது. இப்பணிக்கு இன்று நடைமுறைப் பயனும் உண்டு. மொரீஷியஸில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறைவரை வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை பெறும் வாய்ப்பு 2024இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஏற்பாடுகளில் மூதாதையின் குடியேற்றப் பதிவு ஒரு சான்றாவணமாகிறது. ஓர் எழுத்தரின் செவிப்பிழை, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒருவரின் உரிமைக் கோரிக்கையில் பெயர் முரண்பாடாகத் தலைகாட்டக்கூடும். அம்முரண்பாட்டை விளக்க வல்லவர் இரு எழுத்துமுறைகளையும் அறிந்தவரே.

ஏடுகளில் மறைந்துகிடந்த நூல்களை மீட்டெடுத்தது தமிழ்ப் பதிப்புலகின் சாதனை. அந்நூல்கள் பெரும்பாலும் புலவர்களும் புரவலர்களும் பெயர்பெற்ற உலகத்தைச் சார்ந்தவை. அந்த உலகில் பெயர் எழுதப்படாதவர்களின் ஏடு கடலுக்கு அப்பால், வேற்றெழுத்தில், சிதைந்த நிலையில் இருக்கிறது. பாடவேறுபாடு காணும் உழைப்பை அதற்கும் வழங்குவது, ஏடு மீட்ட மரபின் தொடர்ச்சியாகவே அமையும்.